ஓசோன் எனும் காவற்குடை

“நிழலின் அருமை வெயிலில் தெரியும்” என்பது பழமொழி. நம் தலைக்கு மேல் கண்ணுக்குப் புலப்படாத நிழல் ஒன்று உண்டு. அதுவே ஓசோன் படலம்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் அணுக்கள் இரண்டு, ஓசோனிலோ மூன்று. தரைக்கு மேல் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இவ்வாயு மிகுதியாக உள்ளது. வளிமண்டல ஓசோன் முழுவதையும் தரைமட்டக் காற்றழுத்தத்திற்குக் கொணர்ந்தால் அதன் கனம் சுமார் 3 மில்லிமீட்டரே! இம்மெல்லிய போர்வையே கதிரவனின் புற ஊதாக் கதிர்களுள் தீமை மிக்கவற்றைத் தடுக்கிறது.

போர்வை மெலிந்தால் தோலுக்கு என்ன கேடு? புற ஊதா ‘பி’ கதிர்கள் தோல் செல்களின் டி.என்.ஏ.வைத் தாக்கி, அடுத்தடுத்துள்ள தைமின் பகுதிகளைத் தவறாகப் பிணைத்துவிடுகின்றன. பெரும்பாலான பழுதுகளைச் செல்லே சீர்செய்துகொள்ளும். எஞ்சியவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, செல் பெருக்கத்தை அடக்கும் மரபணுக்களைக் கெடுக்குமாயின் புற்றுநோய் தோன்றுகிறது. இளமையில் பட்ட வெயில் முதுமையில் நோயாவது இவ்வாறுதான். மெலனின் எனும் நிறமி ஓரளவு காப்பளிக்கிறது. ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் மிகுந்திருப்பதற்கு ஓசோன் குறைவு மட்டுமே காரணமன்று. வெயில் மிக்க அந்நாட்டில் வெளிர்நிறத் தோலினர் பெருவாரியாக வாழ்வதே முதற்காரணம். ஓசோன் குறைந்தால் அவ்வபாயம் மேலும் பெருகும்.

இப்படலத்திற்கு ஊறு விளைவித்தவன் மனிதனே. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்கள் வானில் உயர்ந்து, புற ஊதாக் கதிரால் சிதைந்து குளோரினை வெளிவிடும் என 1974-ல் மோலினா, ரோலண்ட் இருவரும் எச்சரித்தனர். ஓசோனை அழித்தபின்னும் குளோரின் அணு தீர்ந்துபோவதில்லை. மீண்டும் விடுபட்டு அடுத்த மூலக்கூறைத் தாக்கும். இவ்வாறு ஓர் அணு இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கவல்லது. தொழில் நிறுவனங்கள் இவ்வெச்சரிக்கையை மறுத்தன. ஆயினும் 1985-ல் அண்டார்டிகாவின் வசந்த காலத்தில் ஓசோன் பெரிதும் குறைவதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் வெளியிட்டபோது உலகம் விழித்தது.

1987-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1992-ல் இணைந்தது. இதன் பயனாக 2030-க்குள் ஆண்டுதோறும் 20 இலட்சம் பேர் வரை தோல் புற்றுநோயினின்று தப்பக்கூடும் என்பது ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீடு. எனினும் அப்பொருள்கள் பல பத்தாண்டுகள் காற்றில் நிலைப்பவை. ஆதலால் அண்டார்டிகாவின் மேலுள்ள ஓசோன் 1980-ஆம் ஆண்டின் நிலைக்கு மீள 2066 வரை ஆகலாம்.

மாணவ நண்பர்களே! நோய் வருமுன் காத்த நாடுகளின் ஒற்றுமை, இனி வரும் சூழல் இடர்களுக்கும் வழிகாட்டட்டும்.