ஊரே ஒரு வீட்டுக்குக் குடிபோன இரவு

கோவையில் ஒரு பால் விநியோக நிறுவனம். காலை ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் அக்கா, மாடியில் உட்கார்ந்திருக்கும் புரோகிராமருக்குப் போன் போடுவார். "தம்பி, அந்தச் சரவணம்பட்டிக்காரங்க வீடு மாறிட்டாங்க. அட்ரஸ் மாத்தோணும்." தம்பி டேட்டாபேஸைத் திறந்து, ஒரு வரி எழுதி மாற்றிவிட்டு, "ஆச்சுங்க்கா" என்பார். ஒரு நாளைக்கு இப்படி இருபது போன். சம்பளம் வாங்குகிற வேலையை அவர் தொடங்கவே மதியம் ஆகிவிடும்.

இந்த இருபது போனை ஒழிக்கத்தான் 'இன்டர்னல் ஆப்' என்கிற சமாசாரம். வாடிக்கையாளர் கண்ணில் படாமல் ஊழியர்கள் மட்டும் புழங்கும் செயலி அது. ஒரு தேடல் பெட்டி, ஒரு அட்டவணை, 'மாற்று' என்று ஒரு பட்டன், அவ்வளவுதான் திரை. உட்கார்ந்து கோடு எழுதினால் வாரக்கணக்கில் இழுக்கும். பெட்டியையும் பட்டனையும் மவுஸால் இழுத்துப் போட்டுக் கட்டும் தளங்களில் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். சென்னையின் ஜோஹோ 2006-லேயே கிரியேட்டரைக் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவின் ரீடூல் 2017-ல் தொடங்கியது. பெங்களூரில் வேர்விட்ட ஆப்ஸ்மித் 2019-ல் வந்தது. தரவு ஏற்கெனவே வேறிடத்தில் இருக்கிறது, அதன்மேல் ஒரு திரை மட்டும் வேண்டும் என்பவர்களுக்காகவே பிறந்தவை பின்னிரண்டும்.

நான் சொல்லும் நிறுவனத்தின் தரவு இருந்தது அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில், மும்பையில். டேட்டாபேஸுக்கான கணினியை நாம் வாங்கிப் பராமரிக்க வேண்டாம், வாடகை கட்டினால் போதும் என்று 2009-ல் வந்த சேவை அது. உள்ளே ஓடியது போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அதையும் செயலி கட்டும் தளம் ஒன்றையும் இணைத்துக் கொடுத்தவன் நான்.

இணைப்புப் படிவம் கேட்பது ஐந்தே விஷயம்: டேட்டாபேஸின் முகவரி, போர்ட் எண், டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு. போர்ட் எண் போஸ்ட்கிரஸுக்கு வழக்கமாக 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, மோங்கோடிபிக்கு 27017. எல்லாம் நிரப்பி 'டெஸ்ட்' பட்டனை அழுத்தினால் பச்சை டிக் வரவேண்டும். முதல் அழுத்தலிலேயே வந்து நான் பார்த்ததில்லை.

வருகிற பிழைச் செய்தியைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பொழுது மிச்சம். 'டைம்டு அவுட்' என்றால் கதவைத் தட்டினோம், உள்ளிருந்து சத்தமே இல்லை என்று பொருள். பெரும்பாலும் ஃபயர்வால் நம்மைத் தெருவிலேயே நிறுத்திவிட்டிருக்கும். அப்போது பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றிப் போட்டாலும் பயனில்லை; பாஸ்வேர்டு கேட்கிற இடம்வரை நாம் போகவேயில்லை. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் வீடு இருக்கிறது, அந்த வாசலில் ஆள் இல்லை. போர்ட் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். 'பாஸ்வேர்டு ஆதன்டிகேஷன் ஃபெயில்டு' என்று வந்தால் சந்தோஷப்படலாம். வழி சரி, சாவிதான் தப்பு. 'நோ என்க்ரிப்ஷன்' என்ற சொல் கண்ணில் பட்டால் எஸ்எஸ்எல் மறையாக்கத்தை இயக்காமல் போயிருக்கிறீர்கள். ஆர்டிஎஸ்ஸில் போஸ்ட்கிரஸ் 15 முதல் அது இல்லாமல் உள்ளே விடாததுதான் இயல்பான அமைப்பு.

பலரும் மாட்டுவது முதல் செய்தியில். கிளவுட் டேட்டாபேஸ், தெரிந்த ஐபி முகவரிகளோடு மட்டும் பேசும்படி பூட்டப்பட்டிருக்கும். செயலி கட்டும் தளமோ வேறு எங்கோ வேறொரு கணினியில் ஓடுகிறது. நம்முடைய லேப்டாப்பிலிருந்து டேட்டாபேஸ் திறக்கிறதே, தளத்திலிருந்து ஏன் திறக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்: தட்டுவது லேப்டாப் அல்ல, தளத்தின் சர்வர். தளங்கள் தங்கள் ஐபி முகவரிகளைத் தம் உதவிப் பக்கத்தில் போட்டிருக்கும். அந்த முகவரிகளை மட்டும் ஃபயர்வாலில் சேர்த்தால் போதும்.

ஆனால் மாலை ஏழு மணிக்கு, பசியோடு, நாலாவது முறையாக 'டைம்டு அவுட்' வரும்போது கை போகிற இடம் வேறு. 0.0.0.0/0 என்று போட்டால் உலகத்திலுள்ள எல்லா முகவரிக்கும் கதவு திறந்துவிடும். டிக்கும் உடனே வரும். 'இப்போதைக்கு இருக்கட்டும், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்று எழுந்து போவோம். அந்த நாளை வந்ததாகச் சரித்திரம் இல்லை. 2017 ஜனவரியில், பாஸ்வேர்டுகூட இல்லாமல் இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் துடைத்தழிக்கப்பட்டன. உள்ளே தரவுக்குப் பதில் பிட்காயின் கேட்கும் ஒரு சீட்டு மட்டும் இருந்தது. பணம் கட்டிய சிலருக்கும் தரவு திரும்பவில்லை. பல இடங்களில் அழித்தவர்கள் பிரதி எடுத்து வைக்கவே இல்லை.

டேட்டாபேஸுக்கு வெளி முகவரியே கூடாது என்று வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழி. நடுவில் ஒரு காவல் கணினியை நிறுத்தி, அதன் வழியாக எஸ்எஸ்எச் சுரங்கம் போடலாம். அல்லது தளத்தையே நம்முடைய கிளவுட் வலையமைப்புக்குள் நிறுவிக்கொள்ளலாம். ஆப்ஸ்மித், டூல்ஜெட் போன்ற ஓப்பன் சோர்ஸ் தளங்கள் இதற்குத் தோதானவை. பராமரிக்க ஓர் ஆள் இருந்தால் என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆள் இல்லாமல் நிறுவினால், ஒரு வருடம் அப்டேட் ஆகாமல் தூசி படிந்து, அதுவே ஓட்டையாகிவிடும்.

இதுவரை சொன்னது எளிய பகுதி. டிக் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உள்ளே போனது எந்தக் கணக்கு?

டேட்டாபேஸை உருவாக்கும்போதே ஆர்டிஎஸ் ஒரு தலைமைக் கணக்கைத் தருகிறது. டேபிளை உருவாக்கவும் அழிக்கவும் அதனால் முடியும். படிவத்தில் கேட்பது பயனர் பெயரும் பாஸ்வேர்டும்தான்; கையில் இருப்பதும் அது ஒன்றுதான்; எல்லோரும் அதையே போடுகிறார்கள். அங்கே நடக்கும் மாற்றம் நுட்பமானது. சேவை அக்கா, கணக்குப்பிள்ளை, நேற்றுச் சேர்ந்த பயிற்சி ஊழியர் என்று தளத்தில் யார் எந்தப் பட்டனை அழுத்தினாலும், டேட்டாபேஸின் கண்ணுக்கு வந்து நிற்பவர் ஒரே ஆள்தான். முதலாளியின் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை முன்மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரி.

நானும் அந்தச் செக்கைத்தான் வைத்தேன்.

முகவரி மாற்றும் பட்டனுக்கு வேண்டிய கட்டளை மூன்று வரி. எந்த டேபிள் என்று அப்டேட் வரி சொல்லும். புது முகவரி என்ன என்று செட் வரி சொல்லும். எந்த வாடிக்கையாளருக்கு என்பதை வேர் வரி சொல்லும். ஆங்கிலத்தில் 'எங்கே' என்று பொருள்படும் சொல்தான்; தமிழில் படித்தாலும் பொருந்துகிறது, வேர் இல்லாவிட்டால் எல்லாம் சாய்ந்துவிடும். தம்பி இரவு பத்தரைக்கு முதல் இரண்டு வரிகளை எழுதியிருந்தார். வீட்டிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்தவர், எழுதி முடித்துவிட்ட நினைப்பில் 'ரன்' அழுத்திவிட்டார். ஒத்திகைக்கென்று தனி டேட்டாபேஸ் நாங்கள் வைக்கவில்லை. அந்தத் தளத்தில் 'ரன்' என்றால் அசல் தரவின்மேல்தான் ஓடும்.

ஒரே நொடியில் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் சரவணம்பட்டியில் ஒரே வீட்டின் இரண்டாவது மாடிக்குக் குடிபோய்விட்டார்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு விநியோகப் பட்டியல் அச்சாக வேண்டும். எங்களைக் காப்பாற்றியது ஆர்டிஎஸ்ஸின் தானியங்கி பேக்கப். அது இயங்கிக்கொண்டிருந்தால், குறிப்பிட்ட ஒரு நிமிடத்துக்கு டேட்டாபேஸைத் திருப்பிக் கொண்டுபோகலாம். எத்தனை நாள் பின்னோக்கி என்பதை 35 நாள் வரை நாமே வைத்துக்கொள்ளலாம். பலர் அறியாத ஒன்று, அது இருக்கிற டேட்டாபேஸைப் பின்னோக்கி நகர்த்தாது, பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுப்பித் தரும். பத்து இருபத்தைந்து மணி நிலையில் அப்படி ஒன்றை எழுப்பி, முகவரிப் பத்தியை மட்டும் எடுத்துப் பழையதில் ஒட்டினோம். முடித்தபோது மணி இரண்டே முக்கால்.

மறுநாள் செய்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். தளத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கினோம். அதற்குப் படிக்கும் உரிமை மட்டும். (இப்படிக் கொடுக்கும் உரிமை அன்றைக்கு இருக்கும் டேபிள்களுக்குத்தான், நாளை சேர்க்கும் டேபிளுக்குத் தானாகப் போகாது. 'நேற்றுவரை வேலை செய்ததே' என்று வருகிற புகார்களில் சில இதனால்தான்.) மாற்றும் உரிமையை முகவரிப் பத்திக்கு மட்டும் கொடுக்கப் போஸ்ட்கிரஸில் வழி உண்டு. ஆனால் எங்களுக்கு நேர்ந்த விபத்தை அது தடுத்திருக்காது. அழிந்தது முகவரிப் பத்திதானே. அதனால் டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன் எழுதினோம். வாடிக்கையாளர் எண் ஒன்றும் புது முகவரி ஒன்றும் கொடுத்தால் அந்த ஒருவருடையதை மட்டும் மாற்றும். யாருடைய முகவரி, எப்போது மாறியது என்று இன்னொரு டேபிளில் எழுதியும் வைக்கும். புதிய கணக்கால் அந்த ஃபங்ஷனை அழைக்க முடியும், டேபிளை நேரடியாக மாற்ற முடியாது. வேர் வரியை மறக்க இனி இடமே இல்லை.

இவ்வளவு கெடுபிடி ஒரு பால் கடைக்குத் தேவையா என்று அப்போது முதலாளி கேட்டார். நான் இரண்டு சம்பவங்களைச் சொன்னேன். 2021 ஆகஸ்டில் அப்கார்டு என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸில் கட்டிய இணையவாசல்கள் வழியாக 47 அமைப்புகளின் 3 கோடியே 80 லட்சம் பதிவுகள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தன. கோவிட் தொடர்புத் தடங்கள், தடுப்பூசி முன்பதிவுகள் எல்லாம் அதில் இருந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. டேபிளுக்கான அனுமதிக் கட்டுப்பாடு இயல்பிலேயே அணைந்திருந்தது, கட்டியவர்கள் அதை இயக்கவில்லை. பிறகு மைக்ரோசாஃப்ட் அந்த இயல்பையே மாற்றியது.

மற்றொன்று ரீடூலுக்கே நேர்ந்தது, 2023 ஆகஸ்டில். ஐடி பிரிவிலிருந்து வந்ததுபோல ஒரு எஸ்எம்எஸ். அதை நம்பி ஓர் ஊழியர் அதிலிருந்த போலி இணைப்பில் உள்நுழைந்தார். அடுத்து, சக ஊழியரின் குரலைப் போலச் செயற்கையாக உருவாக்கிய குரலில் ஒரு போன். கூடுதல் குறியீட்டையும் வாங்கிவிட்டார்கள். அந்த வழியாக 27 வாடிக்கையாளர்களின் கணக்குகள் பறிபோயின, எல்லோரும் கிரிப்டோ துறையினர். தளத்தைத் தங்கள் சொந்தச் சர்வரில் நிறுவியிருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. தளம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் கையில் நாம் கொடுத்த கணக்குக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு நஷ்டம் சாத்தியம். முதலாளி அதற்குமேல் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோது அக்காவின் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டைப் பார்த்தேன். தேதி வாரியாகப் பெயர்கள், பக்கத்தில் லிட்டர் கணக்கு. கம்ப்யூட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். நள்ளிரவுக்குமேல் வருகிற ஆர்டர்கள் 'இன்றைய ஆர்டர்கள்' திரையில் வருவதில்லை, நேற்றைய பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன, அதனால் தினமும் அங்கே போய்த் தேடி எழுதிக்கொள்கிறேன் என்றார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. ஆர்டிஎஸ்ஸின் கடிகாரம் இயல்பாக யுடிசி நேரத்தில் ஓடுகிறது. நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அதற்கு 'இன்று' பிறப்பது நமக்கு விடிகாலை 5:30-க்கு. தளத்துக்கென்று உருவாக்கிய கணக்கின் டைம்ஸோனை 'ஏசியா/கொல்கத்தா' என்று மாற்ற ஒரே வரி போதுமாக இருந்தது.

"மூணு வாரமா ஏங்க்கா சொல்லவேயில்ல?"

"மெஷினு அஞ்சரைக்குத்தான் முழிக்கும் போலன்னு நெனச்சுட்டேனுங்க தம்பி."