சொல்லை வைத்துச் சிரித்த மூன்று படங்கள்

"பொழுதும் போக வேண்டும், அது வீண்பொழுதாகவும் இருத்தல் கூடாது. அத்தகைய படம் ஏதேனும் உண்டா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நாம் தயங்காமல் கூறும் படங்கள் மூன்று. வெவ்வேறு மொழிகளில் எடுக்கப்பட்டவையாயினும், மூன்றும் மக்கள் கண்டு களித்தவை. மூன்றிலும் சொல்லே விளையாட்டுப் பொருள்.

முதலாவது, ஹிருஷிகேஷ் முகர்ஜி 1975-இல் இயக்கிய 'சுப்கே சுப்கே' என்னும் இந்திப் படம். தூய இந்தியில் பேசுவதைப் பெருமையாகக் கொண்டவர் ஒரு பம்பாய்க் கனவான். அவருடைய மைத்துனியை மணந்த தாவரவியல் பேராசிரியர், அவரை ஏமாற்றிப் பார்க்கக் காரோட்டியாக வேடம் பூண்டு வருகிறார். ஆங்கிலச் சொல் கலவாத இந்தியைப் பொழிகிறார். கேட்கக் கேட்கக் கனவானுக்கே மூச்சுத் திணறுகிறது! பேராசிரியராகத் தர்மேந்திராவும் கனவானாக ஓம் பிரகாஷும் நடித்துள்ளனர். எவரையும் இழிவு செய்யாத நகைச்சுவை இது.

மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நமக்கு இப்படம் சிரிப்போடு சிறிது நாணத்தையும் தந்தது. நாம் தமிழாக்கிய அறிவிப்பு ஒன்றை இருமுறை படித்த முதியவர் ஒருவர், "ஐயா, இதைக் கொஞ்சம் தமிழில் சொல்லுங்கள்" என்றார். அறிவிப்பில் பிறமொழிச் சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும், அவர் எந்நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கவில்லை.

அவ்வாறாயின் புதுச்சொல் ஆக்குவதே குற்றமா? அன்று. 1957-இல் கே. வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலும் இயக்கிய 'மாயாபஜார்' இதற்கு விடை கூறுகிறது. எவரேனும் படைத்தாலன்றிச் சொற்கள் எவ்வாறு பிறக்கும் என்று தெலுங்குப் படத்தில் கடோத்கசன் கேட்பது, இன்றும் ஆந்திர மக்கள் நினைவுகூரும் கேள்வியாகும். கடோத்கசனாக எஸ். வி. ரங்காராவ் விருந்துண்ணும் காட்சியும், அவனே மணப்பெண்ணாக உருமாறியதாகச் சாவித்திரி நடிக்கும் காட்சிகளும் சிறுவரையும் முதியவரையும் ஒருங்கே மகிழ்விப்பவை.

மூன்றாவது, சத்யஜித் ராய் 1969-இல் அளித்த 'கூப்பி காயின் பாகா பாயின்' என்னும் வங்கப் படம். அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர் எழுதிய கதை இது. பாடத் தெரியாத கூப்பியும் கொட்டத் தெரியாத பாகாவும் பேய்களின் அரசனிடம் வரம் பெறுகின்றனர். அவர்கள் பாடினால் கேட்போர் அசைவற்று நின்றுவிடுவர். அவர்கள் செல்லும் சுண்டி நாட்டிலோ, மக்கள் பேச்சிழந்தவர்கள். அந்நாட்டின்மேல் படையெடுக்கப் பசித்த வீரர்கள் அணிவகுத்து நிற்கையில், வானிலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன, போர் நின்றுவிடுகிறது. வங்கமொழி அறியாத குழந்தையும் அக்காட்சியில் கைதட்டும்.

சொல் தூயதாயினும் புதியதாயினும், கேட்பவரைச் சென்று சேர்ந்தால்தான் அது சொல். இவ்வுண்மையை இம்மூன்று படங்களும் உபதேசமாக அன்றிச் சிரிப்பாகவே உணர்த்துகின்றன. இல்லத்தில் சிறுவர் இருப்பின் கூப்பியிலிருந்து தொடங்கலாம். முதியோர் உடனிருப்பின் 'மாயாபஜார்' ஏற்றது. அலுவலகத்தில் கடிதம் எழுதும் அன்பர்கள் 'சுப்கே சுப்கே'யை முதலில் காண்பார்களாக. மறுநாள் எழுதும் கடிதத்தில் ஒரு கடுஞ்சொல்லேனும் குறையும்.