சட்டைப்பைக்கு அடங்கும் பிஸ்டன் பேனா

பிஸ்டன் பேனாவின் பின்குமிழைத் திருகினால் உள்ளே அடைப்பான் மேலேறி, புட்டியிலிருந்து மையை நேரே உறிஞ்சும். பெலிக்கான் நிறுவனம் 1929-இல் இதைப் பரவலாக்கியது. தமிழ்நாட்டில் பழகிய இங்க் ஃபில்லர் பேனாக்களில் கழுத்தைக் கழற்றிச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும், விரலெல்லாம் மை.

காரைக்கால் போன்ற கடலோர ஊரின் வெக்கையில் சட்டைப்பைப் பேனா உடல் சூட்டை வாங்கிக்கொள்ளும். மை குறைந்திருந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையை நிப்பின் அடியிலுள்ள நாக்கு வழியே மூடிக்குள் தள்ளும். நிப்பை மேல்நோக்கி வைத்து, பாதி காலியானதும் நிரப்பிவிடுவதே நல்லது. ஆகவே வாங்கும்போது மை மட்டம் வெளியே தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தைவானின் டிவிஸ்பி டைமண்ட் மினி முழுக்கக் கண்ணாடிபோல் இருப்பதால் இதில் முந்துகிறது. மூடிய நிலையில் நீளம் சுமார் 11 செ.மீ. மூடியைப் பின்னால் திருகிப் பொருத்தினால் பெரிய கைக்கும் நீளம் போதும். குட்டிப் பேனாவுக்கு இந்த வசதி அவசியம்.

ஈரக்காற்றில் தாள் நமுத்து மை பரவும். மெல்லிய நிப்பே பொருத்தம். சட்டைப்பையில் மூடி கழன்றுவிடாமலிருக்கத் திருகுமூடி உள்ளதையே வாங்கலாம். அடைப்பான் இறுகினால் சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும்.