நீரிழிவும் கூட்டு நடையும்

நீரிழிவுக்காரர் தினந்தோறும் நடக்க வேண்டுமென்று வைத்தியர்கள் சொல்லாத நாளில்லை. கேட்போர் தலையசைக்காத நாளுமில்லை. ஆயினும் நடப்பவர் தொகை சொற்பம். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான கணக்கின்படி, இத்தேசத்தில் நீரிழிவு கண்டோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். இத்தனை பேரையும் சோம்பேறிகளென்று தீர்ப்புக் கூறிவிடுதல் சுலபம். அது நியாயமான தீர்ப்பாகாதென்பது நமது அபிப்பிராயம். உபதேசம் கேட்டவன் வீடு திரும்பியதும் தனியனாகிவிடுகிறான். தனியனுக்கு நாளைக்கு நடக்கலாமென்னும் சாக்கு எப்போதும் கைவசம் உண்டு.

சென்னைத் திருமங்கலத்து ஆசியாட் காலனியில் நிகழ்ந்ததை இங்கு எடுத்துரைத்தல் தகும். சென்ற நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் அங்கே நீரிழிவு ஆராய்ச்சி தொடங்கியபோது, வாரத்தில் மூன்று முறைக்கு மேல் தேகாப்பியாசம் செய்தவர் நூற்றுக்கு 14.2 பேரே. வியாதியின் தன்மை அவர்களுக்கு விளக்கப்பட்டது. காலனிவாசிகள் தாங்களே பணந்திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்துக்கொண்டனர். எதற்கும் மனுப்போட்டே பழகிய நம்மவரிடை இஃது அபூர்வமான செய்கையன்றோ! 2006-ல் வெளியான அறிக்கையில் அத்தொகை 58.7 ஆக உயர்ந்திருந்தது. பூங்காவின் மண்ணில் மருந்தேதும் இல்லை. அண்டை வீட்டார் நடப்பதைக் கண்ணாற் காண்பதும், வராத நாளில் ஏன் வரவில்லையென்று ஒருவர் விசாரிப்பதும் பெருந்தூண்டுதலாகுமென்றே நாம் கருதுகிறோம்.

எதிர்ச்சாட்சியத்தை மறைத்தல் வக்கீல் தொழிலுக்கே இழுக்கு. கேரளத்தில் திருவனந்தபுரம் ஜில்லாவில், நீரிழிவு வரக்கூடிய 1,007 பேரைக் கொண்டு ஒரு பரீட்சை நடந்தது. அவர்களுள் ஒரு பாதியார், தங்களுள்ளேயே தலைவர்களைத் தேர்ந்து கூட்டங் கூடினர். 2018-ல் வெளியான முடிவின்படி, இரண்டு வருஷத்தில் அவர்களில் நூற்றுக்கு 14.9 பேருக்கும், ஏனையோரில் 17.1 பேருக்கும் நீரிழிவு கண்டது. இவ்வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கக்கூடும். ஆகையால் கூட்டுறவு ஒன்றே வியாதியைத் தடுத்துவிடுமென்று நாம் வாதிக்க வரவில்லை.

ஆனால் துணைக்கு வேறொரு காரணமும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கு நடக்கையில் இரத்தத்துச் சர்க்கரை மிகத் தாழ்ந்து போவதுண்டு. வியர்வையும் நடுக்கமும் கண்டவுடன், நினைவு தப்புமுன் சர்க்கரையை வாயிலிடத் தெரிந்த தோழன் அச்சமயம் பெரும் பாக்கியம். காலில் உணர்ச்சி குன்றியவர் தகுந்த செருப்பின்றி இறங்கலாகாதென்று நினைவூட்டுபவனும் அவனே. வெளியூர் சென்றவரையும், கூச்சத்தால் வீட்டிலடங்கியவரையும் கைத்தொலைபேசி வாயிலாக இக்கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இன்று எத்தனை நாழிகை நடந்தோமென்று ஒருவருக்கொருவர் அறிவிக்கச் செலவு யாது? மருந்தின் அளவை மட்டும் வைத்தியரிடமே கேட்டறிக.

நாலு பேர் கூடிப் புறப்பட எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை. ஆயினும் விடியற்காலை இருட்டில், குழியும் வாகனமும் நிறைந்த வீதியில் நம் ஸ்திரீகள் எங்ஙனம் நடப்பர்? பள்ளிக்கூட மைதானங்களின் கதவுகளைக் காலையில் ஒரு மணி நேரமேனும் திறந்து வைக்குமாறு ஸ்தல ஸ்தாபனங்களையும் கல்வி அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.