கடலடியில் ஒரு கேட்டலினா

போரில் மூழ்கிய கப்பல்களைப் பற்றி நாம் பாடங்களில் படித்திருக்கிறோம். கப்பல்களைப் போலவே போர்விமானங்களும் கடலடியில் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று, ஹவாயின் ஒவாஹு தீவில் உள்ள கனியோஹே விரிகுடாவில் இருக்கிறது. ஏறத்தாழ 9 மீட்டர் ஆழத்தில், மூன்று பெரிய துண்டுகளாக அது கிடக்கிறது. அதன் பெயர் கேட்டலினா.

கேட்டலினா ஒரு ‘பறக்கும் படகு’. அதன் அடிப்பாகம் படகின் வடிவம் கொண்டது. நீர்ப்பரப்பிலிருந்து மேலெழுந்து, மீண்டும் நீரிலேயே இறங்கும். அதன் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறத்தாழ 32 மீட்டர் நீளமுடையவை. நெடுந்தொலைவு பறந்து கடலைக் கண்காணிப்பதே அதன் முக்கியப் பணி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிங்கப்பூரின் சிலேத்தார் தளத்திலும் இவ்வகை விமானங்கள் இருந்தன.

இத்தகைய விமானங்களுக்குப் பேரலைகள் இல்லாத நீர் தேவை. கனியோஹே விரிகுடாவின் வாயிலில் நீண்ட பவளப்பாறைத் திட்டு அரண்போல் அமைந்து, பெருங்கடலின் அலைகளைத் தடுக்கிறது. அதனால், அமெரிக்கக் கடற்படை அங்கே பறக்கும் படகுகளுக்கான தளத்தை அமைத்தது.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் காலை ஜப்பானிய விமானங்கள் அத்தளத்தைத் தாக்கின. பேர்ல் துறைமுகம் தாக்கப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே இது நிகழ்ந்தது. கேட்டலினாக்கள் வானில் இருந்தால், தாக்கிய விமானங்களைப் பின்தொடர்ந்து அவற்றின் தாய்க்கப்பல்களைக் கண்டுபிடித்துவிடக்கூடும். எனவே அவற்றை முதலில் செயலிழக்கச் செய்வது ஜப்பானியருக்கு முக்கியமாக இருந்தது. அன்று 27 கேட்டலினாக்கள் அழிந்தன, 6 சேதமடைந்தன. கண்காணிப்புக்குச் சென்றிருந்த மூன்று மட்டுமே தப்பின.

விரிகுடாவின் அடியில் உள்ள விமானத்தை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தினர் 1994இல் ஆராய முயன்றனர். நீர் கலங்கியிருந்ததால் தெளிவான படங்கள் கிடைக்கவில்லை. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்பல்கலைக்கழக மாணவர்கள் கடல்சார் தொல்லியல் வல்லுநர்களுடன் மீண்டும் முக்குளித்தனர். அப்போது நீர் ஓரளவு தெளிந்திருந்தது. மேம்பட்ட கேமராக்களும் அவர்களிடம் இருந்தன. சிதைவுகளைப் படமெடுத்து, அவை கிடக்கும் நிலையைக் காட்டும் வரைபடத்தையும் உருவாக்கினர்.

இப்பணிக்கு ஸ்கூபா முக்குளிப்பில் நல்ல பயிற்சி வேண்டும். 9 மீட்டர் ஆழத்தில் உடலின் மீதுள்ள அழுத்தம் நிலத்தில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகிறது. முக்குளிப்பவர் மூச்சை அடக்காமல் சீராக மூச்சுவிட வேண்டும். மேலெழாமலும் தாழாமலும் நீரில் மிதக்கப் பழக வேண்டும். கால் துடுப்பைக் கவனமின்றி ஒருமுறை அசைத்தாலும் அடியிலுள்ள வண்டல் கிளம்பிவிடும். பிறகு, அருகில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

“இதனை வெளியே எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தால், எல்லாரும் பார்க்கலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். அது எளிதன்று. விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. உப்புநீரில் அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். பல்லாண்டுகள் அரிக்கப்பட்ட தகடு, தூக்கும்போதே உடைந்துவிடலாம். வெளியே எடுத்த பின்னரும், உலோகத்தில் ஊறிய உப்பு காற்றுப்பட்டு அரிப்பை விரைவுபடுத்தும். அந்த உப்பை நீக்க நீண்ட காலமும் பெரும் பொருட்செலவும் ஆகும்.

முழு விமானத்தையும் எடுக்க முடியாவிட்டாலும், நினைவுப்பொருளாக ஒரு சிறு துண்டையாவது எடுத்து வரலாமா? அதுவும் கூடாது. இது அன்று அழிந்த கேட்டலினாக்களுள் எது என்பது 2015ஆம் ஆண்டு ஆய்விலும் உறுதியாகவில்லை. விமானிகள் இதனைக் கிளப்ப முயன்றபோது தாக்குதலில் இறந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எண் பொறித்த ஒரு தகடோ, விமானி அறையின் ஒரு கருவியோ இதன் வரலாற்றை வெளிப்படுத்தக்கூடும். ஒரு பொருள் என்ன என்பதைப் போலவே, அது எங்கே, எந்த நிலையில் கிடந்தது என்பதும் ஆய்வாளருக்குச் சான்றாகும். எடுத்துச் சென்றவரின் வீட்டு அலமாரியில் அது வெறும் அலங்காரப் பொருளாகிவிடும். கடலடியில் அது ஒரு சாட்சி.

எனவேதான், மூழ்கிய போர்க்கப்பல்களையும் விமானங்களையும் அனுமதியின்றிக் கலைப்பதை அமெரிக்கா 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடைசெய்துள்ளது. எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் அந்தப் பாதுகாப்பு நீங்காது.

ஆயினும், அரிப்பைச் சட்டத்தால் தடுக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் அந்த விமானத்தின் ஒரு சிறு பகுதியைக் கடல் கரைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அது முற்றிலும் மறைவதற்குமுன் அளந்து, வரைந்து, படமெடுத்து வைப்பதே அடுத்த தலைமுறைக்கு எஞ்சும். எதையும் தொடாமல் திரும்பும் முக்குளிப்பாளரால்தான் அந்தப் பதிவு முழுமை பெறும்.