வகுப்பறையில் தலையசைப்பும் தாழ்ந்த பார்வையும்

கல்லூரி வகுப்பறையில் ‘புரிகிறதா?’ என ஆசிரியர் வினவும்போது மாணவர் தலையசைப்பது பெரும்பாலும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்னும் பொருளதே. ஆசிரியரோ அதனைப் ‘புரிந்தது’ எனக் கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்கிறார். பிழை விடைத்தாளில்தான் வெளிப்படுகிறது.

தாழ்ந்த பார்வை இதனினும் சிக்கலானது. பெரியோர் கண்டிக்கையில் நிமிர்ந்து நோக்கலாகாது என வீட்டில் பழகிய மாணவர் ஆசிரியர்முன்னும் தலைகுனிகிறார். நேர்காணல் பயிற்சிகளில் வலியுறுத்தப்பெறும் நேர்நோக்கை அளவுகோலாகக் கொண்ட ஆசிரியருக்கு அப்பணிவு அலட்சியமாகத் தோன்றுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் நான்கு நிலைக்களன்களுள் ‘இறை’யையும் வைக்கிறது, 100க்கு 25 அகமதிப்பீட்டு மதிப்பெண் இடும் ஆசிரியரும் மாணவருக்கு ஏறத்தாழ அந்நிலையினரே. ஆகவே அக்குனிவில் பணிவு எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்பதைப் பார்வையால் மட்டும் பிரித்தறிய இயலாது. அலட்சியம் எனக் கணித்துவிட்டாலோ, அது அந்த 25 மதிப்பெண்ணையும் தொடக்கூடும்.