புது லைசென்ஸ், முதல் கார்: வயதைக் கேட்காத பிரீமியம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த கையோடு லைசென்ஸ் எடுத்த 21 வயது இளைஞர் ஒருவர். முப்பது வருடமாக ஒரு கீறல்கூட விழாமல் கார் ஓட்டிவரும் அவருடைய பெரியப்பா இன்னொருவர். இருவரிடமும் 1,200 சி.சி. பெட்ரோல் கார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த அரசுக் கட்டணப்படி, நம் வண்டியால் பிறருக்கு ஆகும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி காப்பீட்டுக்கு இருவரும் கட்ட வேண்டியது ஒரே தொகைதான்: ஆண்டுக்கு 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அந்த இளைஞர் பிரிட்டனில் இருந்தால் பெரியப்பாவைவிடப் பல மடங்கு கட்டியிருப்பார். அங்கே ஓட்டுபவரின் வயதும் அனுபவமும் விலையைத் தீர்மானிக்கின்றன. இங்கே இன்ஜினின் அளவு தீர்மானிக்கிறது.

பிரீமியம் ஏறாதது குடும்ப பட்ஜெட்டுக்கு நல்லது. ஆனால் விலை ஏறவில்லை என்பதற்காக ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது. புதிதாக ஓட்ட வருபவரின் ஆபத்து எவ்வளவு என்பதை நம் ஊர் பாலிசி சொல்வதில்லை. அதை வீட்டில் இருப்பவர்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பீட்டுச் செலவை வருடா வருடம் குறைக்கும் வழியும் அங்கேதான் தொடங்குகிறது.

புதியவரின் கண் எங்கே இருக்கிறது?

1972-இல் அமெரிக்காவில் மூரன்ட், ராக்வெல் என்ற இரு ஆய்வாளர்கள், கார் ஓட்டும்போது கண் எங்கெல்லாம் போகிறது என்பதைப் பதிவு செய்தார்கள். புதியவர்களின் பார்வை வண்டிக்குச் சற்று முன்னால் உள்ள சாலையிலேயே அதிகம் நின்றது. கண்ணாடிகளைப் பார்ப்பது குறைவாக இருந்தது. பழகியவர்களின் பார்வையோ தூரத்துக்கும் பக்கவாட்டுக்கும் பரந்து போனது. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன.

சி.டி.எச். சாலையில் அம்பத்தூர் ஓ.டி. அருகே ஒரு மாநகரப் பேருந்து நிற்கிறது. அதன் முன்பக்கத்திலிருந்து யாராவது ஓடிவரலாம் என்று பழகிய ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக் பக்கம் போய்விடும். பேருந்துக்கு அடியில் தெரியும் செருப்புக் கால்களைக்கூட அவர் கண் பிடித்துவிடும். புதியவர் பார்ப்பது முன்னால் போகும் ஷேர் ஆட்டோவின் பின்புறத்தை மட்டும். கிளட்ச், கியர், கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துச் செய்வதால் அவருடைய கவனம் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. அந்த வேலைகள் கைப்பழக்கமான பிறகுதான் சாலையைப் படிக்க மூளைக்கு இடம் கிடைக்கிறது.

50 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள் 21 மீட்டர் போயிருக்கும். பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையில் இன்னும் 14 மீட்டர் வேண்டும். அரை விநாடி முன்னதாகக் கண்டுகொண்டால் 7 மீட்டர் மிச்சம். அது ஒன்றரைக் கார் நீளத்துக்கும் அதிகம்.

இந்த ஆபத்து விரைவாகவே குறையக்கூடியது. தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் விபத்து விகிதம் உச்சத்தில் இருக்கிறது, ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் அது வேகமாக இறங்குகிறது என்று கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. நியூசிலாந்து 1987-இலேயே படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் இரவில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்பவை அதன் விதிகள். நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் முதல் ஆறு மாதம் இரவு பத்து மணிக்கு மேல் சாவி கொடுப்பதில்லை, பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலைக்கோ வெளிவட்டச் சாலைக்கோ தனியாக அனுப்புவதில்லை என்று வீட்டில் முடிவு செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பில்லில் குறைக்கக் கூடியது எது?

புதுக் கார் வாங்குபவர் மூன்று ஆண்டுத் தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு இது. முதல் வருடத்தோடு காப்பீட்டைக் கைவிடும் வண்டிகளால் அடிபட்டவர்கள் இழப்பீடு கிடைக்காமல் தவித்ததுதான் காரணம். 2022 கட்டணத்தில் இந்த மூன்று ஆண்டுத் தொகை 1,000 சி.சி. வரை 6,521 ரூபாய், 1,500 சி.சி. வரை 10,640, அதற்கு மேல் 24,596. முதல் கார் சிறிய இன்ஜினாக இருந்தால் மிச்சம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

நம் வண்டிக்கு ஆகும் சேதத்தைக் கவனிப்பது ஓன் டேமேஜ் பகுதி. 2007 ஜனவரி 1 முதல் இதன் விலையை நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன. அதனால் ஒரே காருக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தொகை சொல்லும். ஷோரூமில் நீட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நாலு இடத்தில் விசாரித்துவிட்டு எடுக்கலாம். ஒப்பிடும்போது வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐ.டி.வி. எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டால் பிரீமியமும் குறையும். வண்டி திருடுபோனால் கைக்கு வரும் பணமும் சேர்ந்தே குறையும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதோடு பாலிசியையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழைய உரிமையாளர் பெயரிலேயே பாலிசி இருந்தால் ஓன் டேமேஜ் கிளெய்ம் நிராகரிக்கப்படும். கிளெய்ம் போடாமல் அவர் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடியும் வண்டியோடு வராது. அது ஆளுக்கு உரியது.

அப்பாவின் போனஸ், பிள்ளையின் கீறல்

பெரும்பாலான வீடுகளில் பிள்ளை முதலில் ஓட்டுவது அப்பாவின் காரை. கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு ஆண்டுக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று இந்தப் போனஸ் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால், அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்ஜியமாகிவிடும்.

ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய், அப்பாவுக்கு 50 சதவீதப் போனஸ் என்று கொள்வோம். கிளெய்ம் போட்டபின் முதல் ஆண்டு இழப்பு 4,000. அடுத்த ஆண்டு போனஸ் 20 சதவீதம்தான் என்பதால் இழப்பு 2,400. பிறகு 2,000, 1,200, 400. பிரீமியம் மாறாமல் இருந்தால் ஐந்து ஆண்டில் மொத்தம் 10,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 11,800. ஆகவே பம்பரில் 6,000 ரூபாய் பெயின்டிங் வேலைக்குக் கைக்காசு போடுவதே லாபம். காப்பீட்டைப் பெரிய சேதத்துக்காக வைத்துக்கொள்ளலாம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டுமே பொருந்தும். அப்பா பெயரில் உள்ள காரைப் பிள்ளை ஓட்டினால், பிள்ளைக்கு அது கிடையாது. மிச்சம் பிடித்த பணத்தில் முதல் செலவாகப் பிள்ளைக்குத் தனியே ஒரு விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும்.

ஏரிகள் சூழ்ந்த ஊரில்

செலவைக் குறைக்க வேண்டி, தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று சிலர் ஓன் டேமேஜை விட்டுவிடுகிறார்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் என்று நீர்நிலைகளுக்கு நடுவே குடியிருக்கும் நாம் அதைச் செய்யக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது. வெள்ளச் சேதம் தேர்ட் பார்ட்டி பாலிசியில் வராது.

முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. மேலேறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். ஓட்டுபவரே வரவழைத்த சேதம் என்று நிறுவனம் இதைத் தள்ளிவிடலாம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இருந்தால்தான் பணம் வரும். இந்தப் பகுதியில் அதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

ஓடிய தூரமும் ஓட்டிய விதமும்

ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுப்பவர்கள் ஏராளம். ஓடிய தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்ப விலை வைக்கும் கூடுதல் கவர்களைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. ஓட்டும் விதத்தை அளப்பது செல்பேசியிலோ சிறு கருவியிலோ உள்ள முடுக்கமானி. கார் ஒரே விநாடியில் ஏறக்குறைய 14 கி.மீ. வேகம் இழந்தால், அது புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் நான்கு பங்கு. அத்தகைய திடீர் பிரேக்குகள் அடிக்கடி பதிவானால், ஓட்டுபவர் ஆபத்தைத் தாமதமாகவே காண்கிறார் என்று அர்த்தம். புதியவர்களுக்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் இல்லை.

பிரிட்டனில் 2002 முதல் லைசென்ஸ் தேர்வின் ஒரு பகுதியாக, காணொளியைப் பார்த்து ஆபத்தை முன்கூட்டியே அடையாளம் காட்ட வேண்டும். நம் தேர்வு வண்டியைக் கட்டுப்படுத்தத் தெரிகிறதா என்பதையே பெரும்பாலும் பார்க்கிறது. ஆபத்தை முன்கூட்டியே காணும் பயிற்சி பெற்ற இளைஞர்களுக்குத் தள்ளுபடி தர நம் காப்பீட்டு நிறுவனங்கள் முன்வர வேண்டும். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். பிரீமியத்தில் சில ஆயிரம் குறைவது நல்ல செய்தி. கார் வாங்கித் தரும் பெற்றோர் அதோடு நின்றுவிடாமல், முதல் ஆறு மாதம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சாலையைப் படிக்கக் கற்றுத்தர வேண்டும்.